கூட்டாமல் குறைக்காமல்

யசிந்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. அது நல்ல பழக்கம்தான் என்று அவள் மனதார நம்பினாள்.

போர் முடிந்து மக்கள் மீள்குடியேறிய பின் மன்னார்க் கரையோரத்தில் மறுபடி திறந்த ஒரு பள்ளிக்கூடத்தில், எட்டாம் வகுப்பு அபிசாவின் சைகை மொழிபெயர்ப்பாளர் அவள். அபிசாவுக்குக் காது கேளாது. ஆசிரியர் சொல்வதை யசிந்தா கைகளால் சொல்வாள். அபிசா கைகளால் சொல்வதை வாயால் சொல்வாள். காது கேளாத தம்பியோடு தலைமன்னாரில் வளர்ந்ததால் அவளுக்கு அந்த மொழி வந்தது.

கணித ஆசிரியர் பஸ்ரியன் நல்ல மனிதர். வாய் மட்டும் பொல்லாதது. "மண்டைக்குள்ள என்ன, களிமண்ணோ?" என்று அவர் கத்தினால், "இன்னொருக்கா செய்து பார், பிள்ளை" என்று யசிந்தாவின் கைகள் சொல்லும். "இந்தாளுக்கு விளங்கப்படுத்தத் தெரியாது" என்று அபிசா கைகளை வீசினால், "நன்றி சேர், விளங்கிட்டுது" என்று யசிந்தாவின் வாய் சொல்லும்.

வகுப்பிலேயே மரியாதை தெரிந்த பிள்ளை அபிசாதான் என்று பஸ்ரியன் எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். சேர் அன்பானவர், பாவம், முகம்தான் அப்படி அமைந்துவிட்டது என்று அபிசா நினைத்தாள். மாதந்தோறும் தேவாலயத்தில் தன் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிற யசிந்தா இதை அங்கே ஒருநாளும் சொன்னதில்லை. பாவமென்று பட்டால்தானே சொல்வது?

அந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் சான்றிதழ் இல்லாதவர்கள் வகுப்பில் சைகை மொழிபெயர்ப்புச் செய்ய முடியாது.

அபிசாவின் அம்மா பரமேஸ்வரி பதறி ஓடி வந்தாள். "நீ இல்லாட்டி இவளை யாழ்ப்பாணத்தில காது கேளாத பிள்ளையளின்ர விடுதிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லுவினம், பிள்ளை. முகாமில ஒருக்கா இவளைத் துலைச்சுப்போட்டுத் தேடினனான். கூப்பிட்டாலும் கேளாத பிள்ளை. இனி கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு விடமாட்டன். படிப்பு நிண்டாலும் வீட்டில இருக்கட்டும்."

"நான் பாஸ் பண்ணுவன், அக்கா. பயப்படாதேங்கோ" என்றாள் யசிந்தா.

சான்றிதழுக்கான பரீட்சை அபிசாவின் கணித வகுப்பிலேயே நடந்தது. பரீட்சகராக வந்தவர் நசீறா. அவருடைய தாயும் தகப்பனும் காது கேளாதவர்கள். பேச்சும் சைகையும் அவருக்கு ஒன்றுதான். வகுப்பு தொடங்குமுன் அவர் சொன்னார்: "விதி ஒண்டுதான், தங்கச்சி. சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிள்ளை 'நான்' எண்டால் நீங்களும் 'நான்' எண்டுதான் சொல்லவேணும்."

யசிந்தா தலையாட்டினாள். நசீறா கடைசி வரிசையில் ஒரு கதிரையில் அமர்ந்தார்.

பஸ்ரியன் கரும்பலகையைப் பார்த்தபடியே சமன்பாட்டை எழுதி, எழுதியபடியே விளக்கி, திரும்பி அபிசாவிடம் விடை கேட்டார். அபிசா விழித்தாள்.

"எத்தினை தரம் சொல்லுறது? மாடு மாதிரிப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்!"

யசிந்தாவின் கைகள் ஒரு கணம் அந்தரத்தில் நின்றன. பிறகு மெல்ல உயர்ந்து, தலையின் இருபுறமும் இரண்டு கொம்புகள் வைத்தன. வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அபிசாவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு கைகள் பறந்தன. யசிந்தா மனதுக்குள் மடு மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னாள்:

"நான் மாடெண்டால், நீங்கள் மாட்டுக்கு முதுகைக் காட்டிப் பாடம் நடத்துற ஆள். எழுதிக்கொண்டே கதைக்கிறீங்கள். நான் அக்காவின்ர கையைப் பாக்கிறதோ, பலகையைப் பாக்கிறதோ? எனக்கு ரெண்டு கண்தான் சேர். ஒரு வருசமாய் ஒண்டும் விளங்கேல்லை."

பஸ்ரியனின் கையிலிருந்த வெண்கட்டி கீழே விழுந்தது. "ஒரு வருசமாயோ? ஒவ்வொரு நாளும் 'நன்றி சேர், விளங்கிட்டுது' எண்டு சொன்னனியெல்லோ?"

யசிந்தா அதையும் கைகளால் சொல்லவேண்டியிருந்தது. பதிலையும் வாயால் சொல்லவேண்டியிருந்தது.

"நான் ஒருநாளும் அப்பிடிச் சொல்லேல்லை."

"அப்ப ஆர் சொன்னது?"

அபிசா விரலை நீட்டினாள். யசிந்தா காதுவரை சிவந்து, "யசிந்தா அக்கா" என்று தன் பெயரைத் தானே சொன்னாள்.

முதலில் சிரித்தவர் பஸ்ரியன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சமன்பாட்டை அழித்துவிட்டு மறுபடி எழுதினார். எழுதி முடித்து, திரும்பி நின்று, யசிந்தாவின் கைகள் ஓயும்வரை பொறுத்துப் பொறுத்து விளக்கினார். அபிசா எழுந்து போய்ப் பலகையில் விடையை எழுதினாள். சரியாக இருந்தது.

மணி அடித்ததும் யசிந்தா நசீறாவிடம் போய்த் தலைகுனிந்து நின்றாள். "இவ்வளவு நாளும் இரக்கத்திலதான் மாத்திச் சொன்னனான், மிஸ்."

"விளங்குது, தங்கச்சி. ஆனால் அந்த இரக்கத்தால பிள்ளைக்கு ஒரு வருசக் கணக்குப் போயிற்றுது." நசீறா பேனையை மூடினார். "நான் இண்டையான் வகுப்புக்குத்தான் புள்ளி போடலாம். இண்டைக்கு நீங்கள் உங்களைக்கூட ஒளிக்கேல்லை. சான்றிதழ் வரும். பிள்ளையின்ர தாய்க்குச் சொல்லுங்கோ."

வாசலில் பஸ்ரியன் தயங்கியபடி நின்றார். பக்கத்தில் அபிசா.

"யசிந்தா, மாடெண்டதுக்கு மன்னிப்புக் கேக்கிறன் எண்டு இவளுக்குச் சொல்லு. வழமைபோலக் கொஞ்சம் இனிப்பாய்ச் சொல்லிவிடு."

"ஏலாது சேர். நீங்கள் சொன்னதைத்தான் இனிச் சொல்லுவன்."

"அப்ப நான்தான் இனிப்பாய்ச் சொல்லவேணுமோ?"

"ஓம் சேர்."

பஸ்ரியன் தொண்டையைச் செருமினார். அபிசாவின் முகத்தை நேரே பார்த்து, பழக்கமில்லாத அந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்துச் சொல்லத் தொடங்கினார்.