எதிர்ப்பக்கத்து பஸ்

எல்லைக் கேட்டைத் தாண்டி நூறடிகூட நடந்திருக்க மாட்டார், டிரைவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. புது நாட்டைப் பார்த்து அல்ல, முதுகு மூட்டையோடு பக்கத்தில் நடந்து வந்த மனைவியின் முகத்தைப் பார்த்து. அந்த முகம் பிடித்திருக்கிறது என்றும் சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றும் சொல்லவில்லை.

பாவம், அவர் கவலை அவருக்கு. வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும் வரை ஒரே ரூட்டில் பஸ் ஓட்டியவர். காலையில் போவார், சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பி வருவார். ஒரு தடவையாவது திரும்பி வராத ரோட்டில் போக வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. பஸ் மாறி பஸ் மாறி, நாடு விட்டு நாடு, தரை வழியாகவே. கேட்டதும் மகள் போனில் சிரித்தாள். "இந்த வயசுல முதுகுல மூட்டையாப்பா? பாக்கிறவங்க கழுதைன்னு நெனைக்கப் போறாங்க."

மனைவி டெய்லரம்மா சிரிக்கவில்லை. தன் கடை மெஷினிலேயே இரண்டு மூட்டைகளையும் கெட்டித் துணியில் தைத்து முடித்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "கேட்டத் தாண்டி ஒரு ராத்திரி இருந்து பாப்பேன். மனசுக்கு ஒப்பலேன்னா திரும்பிடணும். அப்புறம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது." டிரைவர் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினார். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்பது இதுதான்.

கேட்டுக்கு வெளியே கிடைத்த வேனில் ஊர் போய்ச் சேர்வதற்குள் நன்றாக இருட்டிவிட்டது. இறங்கினால் அகலமான தெரு, சுத்தமான நடைபாதை, மூடிய கடைகள். வண்டிகளெல்லாம் வலப்பக்கமாக ஓடின. டிரைவருக்கு அதைவிட அதிசயம் வேறொன்று.

"ஹாரனே அடிக்க மாட்டேங்கிறானுங்களே! சண்டை வந்தாக்கூட வாயத் திறக்காமத்தான் போடுவானுங்க போல."

அவர்கள் ரோட்டைக் கடக்க நின்றதைப் பார்த்து ஒரு லாரி நின்றது. லாரிக்காரர் போங்கள் என்று கை காட்டினார். டிரைவர் பழக்க தோஷத்தில் நீ போப்பா என்று பதிலுக்குக் கை காட்டினார். அவர் மறுபடி காட்ட, இவர் மறுபடி காட்ட, டெய்லரம்மாதான் மூட்டையின் வாரைப் பிடித்து இவரை அந்தப் பக்கம் இழுத்துப் போனாள்.

விடுதி அறையிலும் எல்லாம் தலைகீழ். சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரிந்தது. சாவி எதிர்ப்பக்கம் சுற்றியது. உள்பக்கமாகத் திறக்கும் ஜன்னல் டிரைவரின் மண்டையைப் பதம் பார்த்தது. டெய்லரம்மா எதையும் கண்டுகொள்ளவில்லை. திரைச்சீலையின் ஓரத்தை மடித்துப் பார்த்து, "நல்லாத்தான் தெச்சிருக்காங்க" என்றாள்.

"அப்போ பிடிச்சிருக்கா?"

"திரையத்தான் சொன்னேன்."

காலையில் கேட்டபோது, "பெரிய ஊரையும் பாத்துட்டுச் சொல்றேன், நச்சரிக்காதீங்க" என்றாள். டிரைவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. விடுதிக்கார அம்மாவிடம் பெரிய ஊரின் பெயரைச் சொல்லிக் காட்டியதும் அவள் வாசலுக்கே வந்து, சந்து முனையைக் காட்டி, அங்கிருந்து இடதுபக்கம் என்று கையை வீசினாள்.

சந்து முனையில் ரோட்டின் இந்த ஓரத்திலேயே ஒரு நிறுத்தம் இருந்தது. நம் ஊரில் இடதுபக்கம் போக வேண்டுமானால் இந்த ஓரத்தில்தானே நிற்போம்? டிரைவரும் நின்றார். பஸ் வந்தது. ஆனால் இடதுபக்கம் போகவில்லை, இடதிலிருந்து வந்து வலதுபக்கம் போனது.

"ஏங்க, அந்தம்மா கை காட்டினது அந்தப் பக்கமில்ல?" என்று ஏறும்போதே டெய்லரம்மா கேட்டாள்.

"ஊருக்குள்ள ஒரு சுத்து சுத்தி ஆள் ஏத்திட்டுத்தான்மா போகும். காலமெல்லாம் ஓட்டினவனுக்கே பஸ் பாடம் நடத்துறியா?"

அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இங்கே கண்டக்டர் கிடையாது. இறங்கும்போது உண்டியலில் காசைப் போட்டால் போதும். அதனால் எங்கே போகிறாய் என்று கேட்கவும் நாதியில்லை.

எல்லை வரும் வரை ஏறிய ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் செய்தது ஒன்றுதான். மனைவியையும் மூட்டைகளையும் ஒரு சீட்டில் உட்கார வைத்துவிட்டு, நேராக முன்னால் போய் இன்ஜின் பெட்டிமேல் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் அந்த டிரைவரும் இவரும் டயர், டிப்போ, டீசல் என்று ஊர்க்கதை பேசித் தீர்ப்பார்கள். இங்கே அந்தப் பருப்பு வேகவில்லை. பாஷை தெரியாது. வேறு வழியில்லாமல் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த வாய் சும்மா இருக்குமா? அவளிடமே பேசினார். வளைவில் எப்படித் திருப்பினான் பார், இந்த மஞ்சள் கோட்டுக்கு என்ன அர்த்தம் தெரியுமா, மழைக்காலத்தில் பிரேக் எப்படி வழுக்கும் என்று. டெய்லரம்மா கேட்டாள், நடுநடுவே கேள்வியும் கேட்டாள். ஒரு தடவை பிரேக் பிடிக்காமல் வைக்கோல் போரில் ஏற்றியதைச் சொன்னபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இதெல்லாம் என்கிட்ட சொன்னதே இல்லியே." பிறகு அவர் தோளில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். தோள் மரத்துப்போனது. டிரைவர் அசையவில்லை.

பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். ஜன்னல் வழியே பார்த்த டிரைவருக்குப் பகீரென்றது. வெளியே நின்றது, நேற்று சாயங்காலம் தாண்டி வந்த அதே எல்லைக் கேட்டு.

சுற்றிச் சுற்றி சுப்பன் கொல்லை! அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வண்டிகள் வலப்பக்கம் ஓடும் ஊரில், பெரிய ஊருக்குப் போகிற பஸ் எதிர்ப்பக்கத்தில் அல்லவா நிற்கும். நேற்றே புத்திக்குத் தெரிந்திருந்தது. காலுக்குத்தான் தெரியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும், சரி. யானை இப்படித் தன் பெண்டாட்டி கண்ணெதிரே சறுக்க வேண்டுமா?

இறங்கி, மூட்டைகளை பெஞ்சில் வைத்தார். கேட்டு திறந்தே கிடந்தது. நடந்தால் பத்தே நிமிஷம், அந்தப் பக்கம் வீட்டுக்குப் போகிற பஸ். முகம் செத்துப்போய்விட்டது மனுஷனுக்கு.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம்மா," என்றார். "சொன்ன வாக்கு வாக்குதான். வா, திரும்பிடலாம். மூஞ்சியத் தூக்கி வெச்சுக்க மாட்டேன்."

"இப்பவே தூக்கித்தான் வெச்சிருக்கீங்க." அவள் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ராத்திரியே முடிவு பண்ணிட்டேன், திரும்பிடணும்னு. பாவம், பெரிய ஊரையாவது பாக்கட்டுமேன்னுதான் காலைல சொல்லல."

டிரைவர் தலை குனிந்தார்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து பஸ்ல உங்க பின்னங்கழுத்தத்தான் பாத்துட்டு வந்திருக்கேன். ஓட்டும்போதும் அதான், ஓட்டாதபோதும் அதான். இன்னிக்குத்தான் பக்கத்துல உக்காந்து வந்தீங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் போனா மறுபடியும் இன்ஜின் பெட்டிக்கு ஓடிடுவீங்க." மூட்டையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டாள். "நான் வரல. இதே பஸ்தான திரும்பிப் போகும், ஏறுங்க."

 டிரைவர் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஏறினார்.

போன சுருக்கில் திரும்பி வந்த இருவரையும் பார்த்து அந்த நாட்டு டிரைவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அசடு வழிந்த நம்மவர், நானும் உன் ஜாதிதானப்பா என்று இரண்டு கையாலும் ஸ்டியரிங் சுற்றிக் காட்டினார். அவ்வளவுதான், அந்த மனுஷன் முகம் மலர்ந்துவிட்டது. தனக்குப் பக்கத்தில் இருந்த ஒற்றை சீட்டைத் தட்டி, இங்கே வா, உட்கார் என்று அழைத்தார். பெரிய கண்ணாடி, எதிரே நீளமான ரோடு. டிரைவரின் கை பரபரத்தது.

"போறதுன்னா போங்க," என்றாள் டெய்லரம்மா, வெளியே பார்த்தபடி.

டிரைவர் அந்த மனுஷனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மனைவியின் சீட்டுக்கு வந்து நின்றார்.

"தள்ளி உக்காரு. ஜன்னலோரம் எனக்கு."

"முடியாது," என்றாள், பக்கத்து சீட்டில் இருந்த மூட்டையை மட்டும் மடிக்கு மாற்றிக்கொண்டு.