இரண்டு ரூட்டர்களுக்கு அந்தப் பக்கம்

ரூட்டர் வழி விடுகிறதா என்று சோதித்ததற்கு, திரையில் மறுபடியும் அதே வரி வந்து நின்றது. 'நேட் வகை: கண்டிப்பானது.' கண்டிப்பாம். இவ்வளவு கெஞ்சியிருந்தால் பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்கூட மனம் இளகியிருப்பார். இந்த வீடியோ கேம் பெட்டி இளகவில்லை. லிப்ட்காரர் கட்டிலில் உட்கார்ந்து அந்த வரியை முறைத்துக்கொண்டிருந்தார்.

யார் வீட்டு லிப்ட் நடுவழியில் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். திறக்காத கதவைத் திறப்பதுதான் அவர் பிழைப்பு. அப்படிப்பட்டவரின் வாடகை அறையிலேயே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதவு அடம் பிடித்துக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அவரும் மனைவியும் பிரிந்த பிறகு மகள் குட்டி அம்மாவோடு இருந்தாள். போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்லிவிடுவாள். "சாப்ட்டியா?" "ம்." "படிக்கிறியா?" "ம்." ம் கொட்டியே பேச்சு முடிந்துவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் குட்டி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தன் அறையில் தனியாக விளையாடுவாள். ஒரு தீவு. மரம் வெட்டி வீடு கட்ட வேண்டும், மீன் பிடிக்க வேண்டும், ஓநாய் வந்தால் ஓட வேண்டும். அந்தத் தீவுக்குள் போவதற்காகவே, தலை நரைத்த வயதில் அவரும் ஒரு விளையாட்டுப் பெட்டி வாங்கினார்.

தீவுக்குள் போக முடிந்தது. பேசத்தான் முடியவில்லை. ஆட்டம், அதை நடத்தும் கம்பெனியின் கம்ப்யூட்டர் வழியாக வந்துவிடுகிறது, குரல் மட்டும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நேராகப் போக வேண்டுமாம். அந்த வழியை ரூட்டர் அடைத்து வைத்திருந்தது. இவர் பேசுவது அவளுக்குப் போகாது, அவள் பேசுவது இவருக்கு வராது. அவளுடையது குழந்தைகளுக்கான கணக்கு என்பதால் எழுதி அனுப்பவும் வழியில்லை.

முதல் வாரமே அவர் போனில், "விளையாட்டுல என் மைக் கொஞ்சம் தகராறுடா, சரி பண்ணிடறேன்" என்று சொல்லி வைத்தார். லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம் பழுது எவ்வளவு பெரியது என்று சொல்லக் கூடாது. சின்னக் கோளாறுதான், இதோ ஆச்சு என்றுதான் சொல்ல வேண்டும். அது தொழில் பழக்கம். மகளிடமும் அதுவே வாயில் வந்துவிட்டது. "பரவால்லப்பா" என்றாள் குட்டி.

இதற்கிடையில் அம்மாவுக்கு வேறு தேசத்தில் வேலை கிடைத்தது. குட்டிக்குப் பதினாலு வயது, அம்மாவோடு போவதா அப்பாவோடு இருப்பதா என்று அவளே சொல்லட்டும் என்று பேசி வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து லிப்ட்காரருக்கு ஒரே நினைப்புதான். ஸ்பீக்கர் இல்லாமல், அம்மா பக்கத்தில் இல்லாமல், மகளிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 'என்கூட இருந்துடறியாடா?' முகம் மழிக்கும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தார்.

அவர் செய்யாதது இல்லை. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், அணைத்துவிட்டுப் போடுங்கள் என்றார்கள். அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு அந்த ரூட்டரின் பொத்தானே தேய்ந்துபோனது. யாரோ போட்ட வீடியோவைப் பார்த்து, ரூட்டருக்குள் நுழைந்து, போர்ட் என்கிற வாசல் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டித் திறந்துவிட்டார். தன் பெட்டிக்கு மாறாத முகவரி கொடுத்தார். ஆசை ஆசையாகச் சோதித்துப் பார்த்தால், கண்டிப்பானது.

ஞாயிற்றுக்கிழமைகள் ஊமைப் படமாக ஓடின. குட்டியின் உருவம் அவர் முன்னால் வந்து நிற்கும். எதற்கு நிற்கிறாள் என்று தெரியாமல் அவர் கையசைப்பார். எத்தனையோ சைகைகள் உண்டாம், அவருக்குத் தெரிந்த பொத்தான் அது ஒன்றுதான். போன வாரம் அவள் தீவின் ஓரத்தில் கட்டியிருந்த படகில் ஏறி உட்கார்ந்தாள். வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். புதிதாகக் கட்டிய படகைக் காட்டுகிறாள் என்று நினைத்து, லிப்ட்காரர் கரையில் நின்று சந்தோஷமாகக் கையசைத்தார். நிறுத்தாமல் அசைத்தார். கடைசியில் குட்டி மட்டும் படகில் தனியாகக் கிளம்பிப் போனாள். அன்றைக்கு அவள் சீக்கிரமே ஆட்டத்தை விட்டுப் போய்விட்டாள்.

வேலையிடத்தில் கூட்டாளி ஒருவன்தான் கண்டுபிடித்துச் சொன்னான்.

"அண்ணே, உங்களுக்கு நெட் எங்கேருந்து வருது?"

"கீழ வீட்டுக்காரர்கிட்டேருந்து. அவர் ரூட்டர்லேருந்து ஒரு ஒயர் இழுத்து, மேல என் ரூட்டர்ல சொருகியிருக்கேன்."

"அப்ப ரெண்டு ரூட்டர். நீங்க மேல தொறந்துட்டே இருக்கீங்க, கீழ பூட்டியே கெடக்கு. லிப்ட்ல உள்கதவு மட்டும் தொறந்தா ஆள் வெளிய வர முடியுமாண்ணே?"

லிப்டுக்கு இரண்டு கதவு. பெட்டியோடு போகும் கதவு ஒன்று, மாடியிலேயே நிற்கும் கதவு ஒன்று. வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுக்கிற பாடம். இத்தனை வருஷம் அதிலேயே ஊறியவருக்கு அது தோன்றவில்லை. அவருக்குத் தன்னையே ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது.

வீட்டுக்காரர் தம் ரூட்டரை ஃபிரிட்ஜ் மேல் வைத்து, தூசி படாமல் பூப்போட்ட துணியால் போர்த்தியிருந்தார். யாரையும் அதன் கிட்டே விடமாட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் லிப்ட்காரர் போய் நின்றார்.

"வயசான மனுஷன் வீடியோ கேம் ஆடறதுக்காக என் மெஷின நோண்டணுமா?"

"என் பொண்ணுகூடப் பேசணுங்க. வேற வழி இல்ல."

வீட்டுக்காரர் ரூட்டர் மேலிருந்த துணியை எடுத்தார். வேலை ஒன்றும் பிரமாதமில்லை. கீழ் ரூட்டரின் செட்டிங்ஸில் ஒரு கட்டத்தில் டிக். மேல் ரூட்டரை வெறும் ஒயர்போல நடக்கும்படி மாற்றினால் போதும். பெட்டியைப் போட்டுச் சோதித்தார்.

'நேட் வகை: திறந்தது.'

ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு தீவுக்குள் போனார். குட்டி ஏற்கனவே அங்கே இருந்தாள்.

"...அந்தப் பக்கம் போகாதீங்கப்பா, ஓநாய் இருக்கு. நேத்து ஒருத்தர் போய் மாட்டிக்கிட்டார்."

காதுக்குள் அவள் குரல். இவ்வளவு நாளும் பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். லிப்ட்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"குட்டி. கேக்குதுடா."

"அப்பா! மைக் சரியாயிடுச்சா?"

"மைக் இல்லடா, ரூட்டர்தான் கோளாறு. நீ பேசறதும் இன்னைக்குத்தான் எனக்குக் கேக்குது."

திரையில் குட்டியின் உருவம் அவர் பக்கம் திரும்பியது.

"இன்னைக்குத்தான்னா? உங்களால பேச முடியலன்னுதானே சொன்னீங்க. நான் பேசறது கேக்குதுன்னு நெனச்சேன்."

"இல்லடா. ஒண்ணுமே கேக்கல."

"அப்ப போன வாரம் படகுல கேட்டது?"

"என்ன கேட்ட?"

"ஒண்ணுமில்லப்பா."

"சொல்லுடா கண்ணு."

"உங்ககூடவே இருந்துடட்டுமான்னு கேட்டேன். சரின்னா வந்து படகுல ஏறுங்க, வேண்டாம்னா கரையிலயே நில்லுங்கன்னு சொன்னேன். நீங்க ஏறல. டாட்டா காட்டிட்டே இருந்தீங்க."

லிப்ட்காரரின் கை தன்னால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள, திரையில் அவர் உருவம் விழுந்தடித்து ஓடிப் போய்ப் படகில் ஏறி உட்கார்ந்தது. குட்டி கரையிலேயே நின்றாள்.

"ஏறாதீங்கப்பா" என்றாள். "அம்மாகிட்ட சொல்லிட்டேன். அங்க ஸ்கூல்ல எடம் வாங்கியாச்சு."

"இப்ப நான் அம்மாகிட்ட பேசினா..."

"அன்னைக்கு ரொம்ப அழுதேன்ப்பா. அப்புறம் போகத்தானே போறோம்னு மனச தேத்திக்கிட்டேன். மறுபடி மாத்தச் சொல்லாதீங்க. என்னால முடியாது."

கண்ணாடி முன் சொல்லிப் பார்த்த வார்த்தையை அவர் சொல்லவில்லை. விளையாட்டுக்கு நடுவே அழுத பிள்ளையை இன்னொரு தடவை அழவைக்க அவருக்குத் துணிவில்லை.

"மாத்தச் சொல்லிக் கேக்கலடா" என்றார். "அங்க போயும் ஞாயித்துக்கிழமை மதியம் வருவியா?"

"அங்க அது நடுராத்திரிப்பா."

யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அம்மாவின் குரல் அவருக்கும் தூரத்தில் கேட்டது. பயணத்துக்குப் பெட்டி அடுக்கக் கூப்பிடுகிறாள்.

"வரட்டுமாப்பா?"

எவ்வளவோ சொல்லலாம், அத்தனையும் அவளுக்குக் கேட்கும். தெரிந்த அந்த ஒரே பொத்தானை அழுத்தினார். படகில் உட்கார்ந்திருந்த உருவம் கையசைத்தது.