தெருமுனையில் ஓர் உறுமல்

சாயங்காலம் வண்டி தெருமுனை திரும்பும்போதே அவள் கேட்டைத் திறக்க எழுந்துவிடுவாள். மற்ற வண்டிகள் சும்மா வரும். இது மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். இன்ஜினுக்குள் போகும் காற்றை வடிகட்ட அவள் கணவன் ஆசை ஆசையாக மாட்டிய ஏர் ஃபில்டரின் வேலை அது. வண்டியோடு வந்த காகித ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூம்பு மாதிரி, சிவப்புத் துணி மடிப்புகளோடு ஒன்றை வாங்கிப் பொருத்தினான்.

"காகிதம் வெச்சா வண்டிக்கு மூக்கடைப்பு. இப்பப் பாரு, எப்படி மூச்சு விடுது!" என்று அடுப்படியில் இருந்தவளைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"இது மூச்சா? குறட்டை. ராத்திரிக்கு நீங்க, பகலுக்கு இதுவா? நான் எப்பதான் நிம்மதியா இருக்கறது?"

போன வருஷம் அவன் மாரடைப்பில் போய்விட்டான். வண்டி மகளிடம் வந்தது. மகளுக்குக் கல்குவாரி அலுவலகத்தில் வேலை. ஜல்லி லாரிகள் ஓடும் மண்சாலையில்தான் தினமும் போக வேண்டும். ஓட்டுகிற கை மாறினாலும் சத்தம் மாறவில்லை. தெருமுனையில் அது கேட்டதும் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு எழுகிற அந்த ஒரு கணம், வருவது அவன்தான். தாழ்ப்பாளைத் தொடும்போது மகளாகிவிடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அந்தச் சத்தத்துக்காகவே ஃபில்டரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமை அவன் பின்பக்கக் குழாயடியில் உட்கார்ந்து அதைக் கழுவி நிழலில் காயவைப்பதைப் பார்த்திருக்கிறாள். அவளோ வாரம் தவறாமல் செய்தாள். சோப்பு நீரில் ஊறவைத்து, பிசுக்குப் போக அலசி, குழந்தைத் துணி போல உலர்த்தி, மகளிடம் கொடுத்து மாட்டச் சொன்னாள். புதிதாகவே இருந்தது.

வண்டிதான் பழசாகிக்கொண்டே வந்தது. மேட்டில் இழுக்கவில்லை. இன்ஜின் ஆயில் குடித்தது. கடைசியில் ஒருநாள் மண்சாலையின் நடுவே நீலப்புகை கக்கி நின்றுவிட்டது. முன்னும் பின்னும் லாரிகள். இறங்கி ஓரமாகவே நடந்து வீடு வந்து சேர்ந்த மகளுக்குப் புழுதியில் புருவம்கூட வெளுத்திருந்தது. அன்று முழுக்க இருமினாள்.

மெக்கானிக் அவள் கணவனின் பள்ளித் தோழர். தாயும் மகளும் பட்டறைக்குப் போனபோது, ஃபில்டரைக் கழற்றி, அதற்குப் பின்னால் இன்ஜினுக்குப் போகும் குழாய்க்குள் விரலை விட்டுத் துடைத்துக் காட்டினார். விரல் நுனியில் முகப்பவுடர் மாதிரி மெல்லிய தூசி.

"இந்தப் பக்கம் சுத்தமா இருக்கணும் தங்கச்சி. இங்கயே தூசின்னா உள்ள எவ்வளவு போயிருக்கும்? உப்புத்தாள் போட்டுத் தேச்ச மாதிரி சிலிண்டர் தேஞ்சிருக்கு."

"வாராவாரம் கழுவினேனே அண்ணே! ஒரு பிசுக்கு விட்டு வெக்கல."

அவர் நிமிர்ந்தார். "கழுவினப்புறம் எண்ணெய் போட்டியா?"

"என்ன எண்ணெய்?"

"காஞ்ச துணிக்கு ஒரு எண்ணெய் இருக்கும்மா. அந்தப் பிசுக்குலதான் தூசி ஒட்டும். அவன் வீட்டுல கழுவிட்டு, மறுநாள் இங்க வந்து போட்டுக்கிட்டுப் போவான்."

குழாயடியில் நடந்ததைத்தான் அவள் பார்த்திருந்தாள். பட்டறையில் நடந்தது அவளுக்குத் தெரியாது. பார்த்த பாதியை மட்டும் ஒரு வாரமும் விடாமல் செய்திருக்கிறாள்.

"அப்ப அவரு வண்டியை நான்தான் கெடுத்தேனா?"

"சேச்சே. அவன் எண்ணெய் போட்ட காலத்துலயே குழாய்ல கொஞ்சம் தூசி இருக்கும். தார் ரோட்டுல ஓடுற வண்டின்னா இது சமாளிச்சிடும். இந்த ஊரு ஜல்லிப் புழுதிக்கு ஆகாதுடான்னு அப்பவே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். 'உன் வண்டி பூனை மாதிரி வருது, என் வண்டி புலி மாதிரி வருது, உனக்குப் பொறாமை'ன்னான்." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "சரி, இன்ஜினைப் புதுசாப் பண்ணிடறேன். ஃபில்டர் எதைப் போடட்டும்?"

"இதையேதான் மாமா," என்று மகள் முந்திக்கொண்டாள். "எண்ணெய் நான் பாத்துப் போட்டுக்கறேன்."

"மருமகளே, சத்தம் வேணும்னா இது. இன்ஜின் உழைக்கணும்னா காகிதம். ரெண்டும் வேணும்னா குவாரியைத்தான் நகர்த்தி வெக்கணும்."

தன் மனசு தெரிந்துதான் மகள் பேசுகிறாள் என்று தாய்க்குப் புரிந்தது. ஃபில்டரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் மகள் மறுபடி இருமினாள். காது மடிப்பில் இன்னும் கொஞ்சம் வெண்புழுதி ஒட்டியிருந்தது.

"காகிதத்தையே போடுங்க அண்ணே."

"அம்மா, அப்பா மாட்டினதும்மா அது."

"உங்கப்பா இனி எங்கயும் வழியில நிக்கப் போறதில்ல. நீ வீடு வந்து சேரணும்."

வண்டி சரியாகி வந்த பிறகு மகள் வேலைக்குப் போன முதல் நாள். சாயங்காலம் தாய் முன்னறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். கை துணியில், காது தெருமுனையில். யார் யார் வண்டியோ போயின. எதிர்வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. தலையணை உறையை மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தாள்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு வெளியே வந்தாள். மகளே இறங்கிக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தாள். பின்னால் வண்டி, ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாமல் நின்றது.

"ஏம்மா, கேட்டைத் திறக்கல?"

"நீ வந்தது கேக்கலடி."

மகள் பாதி திறந்த கேட்டைப் பிடித்தபடியே நின்றாள்.

"எனக்கும் கேக்கலம்மா," என்றாள். "வழி முழுக்க."

தாய் அவளையே பார்த்தாள். பிறகு படியிறங்கிப் போய், கேட்டின் மறுபாதியைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.