பையோடு நட்ட மரம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. எங்கள் வாசலில், நடைபாதையை ஒட்டி, அக்கா நட்ட மரம் நிற்கிறது. அத்தான் இறந்த வருடம் நட்டாள். நர்சரிப் பையைக் கிழித்து, சுருண்ட வேரைப் பிரித்துவிட்டு, முறையாக நட்டாள். அதுதான் தொல்லை. கொழுகொழுவென்று நிற்கும் மரத்தை வைத்துக்கொண்டு என்ன கதை எழுத?

ஆகவே எழுதினேன்: “அவசரத்தில் அவள் பிளாஸ்டிக் பையோடே நட்டுவிட்டாள்.”

(பையோடு நட்டால் வேர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். சில வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு மரத்தின் வேரே மரத்தின் கழுத்தை நெரிக்கும்.)

2

அந்த வாரமே இலைகள் பழுத்தன. அக்கா அடிமரத்தைச் சுற்றிக் கிளறினாள். மாடி ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணுக்குள்ளிருந்து கறுப்புப் பிளாஸ்டிக் எட்டிப் பார்த்தது.

“டேய், இந்தப் பைய என் கையால கிழிச்சேன்டா!”

“மறந்திருப்பே.”

“மறப்பேனா? அவர் போனப்புறம் நான் ஒழுங்கா செஞ்ச ஒரே காரியம் இது. இதுவும் போச்சுன்னா நான் எதுக்குடா இருக்கேன்? ஏன்டா, என்னப் பத்தி எதையாவது எழுதித் தொலைச்சியா?”

“இல்லக்கா.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

3

வரியை அடித்துவிட்டு மாற்றினேன்: “அவள் பையைக் கிழித்து—”

கிழித்து எங்கே போட்டாள்? எழுதத் தோன்றவில்லை.*

மரம் துளிர்த்தது. அக்கா படுக்கையைவிட்டு எழவில்லை.

“காலச் சுத்தி என்னமோ இறுக்குதுடா. விரல அசைக்க முடியல.”

போர்வையை விலக்கினேன். காலில் எதுவும் இல்லை. விரிப்பில் மட்டும் ஈர மண்.

* வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான் என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. முனகுங்கள்.

4

பையைக் குப்பைத் தொட்டியில் போட்டதாக எழுதிப் பார்த்தேன். காலையில் தொட்டியில் பை இல்லை. இறுக்கம் அக்காவின் முழங்கால்வரை ஏறியிருந்தது. மரத்துக்கே திருப்பிக் கொடுத்தால் மரம் சாகும், அதைப் பார்த்து அவளும்— வேண்டாம். “பை என் காலில்” என்று தொடங்கினேன். பயம். பேனாவை வைத்துவிட்டேன். கோழைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது அக்கா நடக்கிறாள். கீழே அவள் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறது. “கால் சரியாப் போச்சுடா!” என்று சிரிக்கிறாள். எனக்கு அழுகை வருகிறது.

எப்படிச் சரியானது என்றால், இன்று காலை ஒரு வரி சேர்த்தேன்: “பை, இதை வாசிப்பவரிடம் போய்விட்டது.”

என்னை மன்னிக்க வேண்டாம். அவள் என் அக்கா. உங்களை எனக்குத் தெரியாது. முடிவை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். முதலில் கால்விரல்களை ஒருமுறை அசைத்துப் பாருங்கள்.