மூன்று படி வைத்த அலுமாரி

சீதேவிப்பிள்ளை புதுச் சாமான் வாங்குவதில்லை. வாங்கினால் தூக்கம் வராது. புதுக் கதிரை ஒன்று வீட்டுக்கு வந்தால் அதன் கால் என்றைக்கு உடையும் என்று யாருக்குத் தெரியும்? பழைய கதிரை அப்படியில்லை. உடைய வேண்டியதெல்லாம் இன்னொருவர் வீட்டில் உடைந்து, திருந்தி, அடங்கி வந்திருக்கும். மாப்பிள்ளைகளையும் இப்படி வாங்க முடிந்தால் நல்லது என்று ஒருமுறை சொல்லி, மகளிடம் ஏச்சு வாங்கினாள்.

முப்பது வருடம் தபால் கந்தோரில் இருந்தவள். பொதியைக் கையில் தூக்கினாலே எடை சொல்வாள். குலுக்கினால் உள்ளே இருப்பதையும் சொல்வாள். ஓய்வு பெற்ற பிறகும் அந்த வித்தை வீணாகவில்லை. காத்தான்குடியில் முத்தலிப்பின் கடை இருந்தது. ஜப்பானில் பாவித்துக் கழித்த சாமான்கள் கப்பலேறிக் கொழும்புக்கு வந்து, அங்கிருந்து லொறியில் அந்தக் கடைக்கு வரும். சைக்கிள், மேசை, கோப்பை, குடை, மணிக்கூடு. மாதத்தில் இரண்டு தரம் சாமான் இறங்கும். மறுநாள் காலை, நாவற்குடாவிலிருந்து வரும் பஸ்ஸில் சீதேவிப்பிள்ளையும் இறங்குவாள்.

இந்தச் சந்தோஷத்துக்கு இப்போது ஆபத்து வந்திருந்தது. மகள் விதுர்ஷாவுக்குக் கலியாணம் பேசி முடிந்துவிட்டது. மாப்பிள்ளை சித்தாண்டி ஊர்ச் சுதாகரன். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து குடியேறுவான். தாய் பின்னறைக்கு ஒதுங்குவாள். விதுர்ஷா காத்திருக்கவில்லை. கலியாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே தாயின் கதிரை, மேசை, மணிக்கூடு எல்லாவற்றையும் பின்னறைக்கு ஒதுக்கினாள். முன்வீட்டுக்கு வெள்ளை பெயின்ற் அடித்தாள். சுவரில் இருந்த தகப்பனின் படத்தை எங்கே மாட்டுவதென்று தெரியவில்லை. புதுச் சுவரில் ஆணி அடிக்க மனம் வராமல், துணியில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தாள்.

"அம்மா, இனி இந்த வீட்டுக்குள்ள ஒரு பழஞ்சாமானும் வரப்படா. எல்லாம் புதுசு. விளங்குதா?"

"விளங்குது. ஏன் புள்ள கத்துறாய்?"

"மாப்பிள வீட்டாக்கள் வந்து பாத்தா என்ன நினைப்பாங்க? ஆரோ ஜப்பான்காரன் இருந்து எழும்பின கதிரையில அவங்கள இருக்கச் சொல்லுறதா?"

"ஜப்பான்காரங்கள் மெல்லிசான ஆக்கள். கதிரைக்கு ஒண்டும் ஆகியிருக்காது."

பேரம் இரண்டு நாள் நடந்தது. தாய் ஐந்து சாமானுக்கு இடம் கேட்டாள். மூன்றுக்கு இறங்கினாள். ஒன்றில் வந்து நின்றாள். மகளின் அறைக்கு ஒரேயொரு சாமான், தாயின் பரிசாக.

"சரி, ஒண்டு. ஆனா அது பழசெண்டு அவங்களுக்குத் தெரியப்படா. தெரிஞ்சா?"

"தெரிஞ்சா அதுக்குப் பிறகு முத்தலிப்ட கடைக்குள்ள நான் கால் வைக்கல்ல. சித்தாண்டி முருகன் அறிய."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தாள். வேறு சாமியைச் சொல்லியிருக்கலாம். இவர் சம்பந்தி ஊர்க்காரர். பக்கத்திலிருந்து எல்லாம் பார்ப்பார்.

அடுத்த தரம் சாமான் இறங்கியபோது, முத்தலிப்பின் கடை மூலையில் ஓர் அலுமாரி நின்றது. இடுப்பளவு உயரம். முகம் பார்க்கக்கூடிய கறுப்பு மெருகு. கதவைத் திறந்தால் இரண்டாக மடிந்தது. உள்ளே இன்னொரு சோடிக் கதவு, மெல்லிய சட்டங்களில் பூ வேலை. அதையும் திறந்தால் பொன் நிறம். பொன் நிறத்தில் மூன்று படி. படிகளுக்குக் கீழே, இழுத்துத் திறக்கும் சின்ன லாச்சிகள்.

சீதேவிப்பிள்ளை விலை கேட்கவில்லை. விலையைக் கடைசியாகத்தான் கேட்க வேண்டும். முதலில் கேட்டால் ஆசை தெரிந்துவிடும். சுற்றி வந்தாள். பின்பலகையை விரலால் தட்டினாள். ஒரு லாச்சியை இழுத்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

"என்னக்கா, பொண்ணு பாக்கிற மாதிரிப் பாக்கிறீங்க?" என்றான் முத்தலிப்.

"பொண்ண விடக் கவனமாப் பாக்கோணும் தம்பி. பொண்ணுக்கு வாயிருக்கு, குறையச் சொல்லிரும். இது சொல்லாது. என்ன இது, சாம்பிராணி வாசம்?"

"அது ஜப்பான் செண்டுக்கா."

"லாச்சிக்குள்ள சாம்பல் கிடக்கு."

"பவுடராயிரிக்கும். பெரிய இடத்துப் பொம்புளைகள் நகை வெக்கிற அலுமாரி. இல்லாட்டி உள்ளுக்கு ஏன் தங்கக் கலரு?"

"படி என்னத்துக்கு?"

முத்தலிப் யோசித்தான். "காப்பு அடுக்க."

நியாயமாகப் பட்டது. பிறகுதான் விலை கேட்டாள். அவள் கடையை விட்டு இரண்டு தரம் வெளியேறினாள். இரண்டு தரமும் அவன் கூப்பிட்டான். மூன்றாம் தரம் அவளாகவே திரும்பினாள். சின்னப் பட்டா லொறியில் அலுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

விதுர்ஷாவால் குறை காண முடியவில்லை. அதுவே அவளுக்கு எரிச்சல். புதிதாக வாங்கிய உடுப்பு அலுமாரியின் கதவு, கடதாசி மடித்துச் செருகாமல் மூடாது. இந்தக் கதவு விரல் பட்டதும் ஓசையில்லாமல் மூடியது. மேல்படியில் செண்டுப் போத்தல்களை வைத்தாள். நடுப்படியில் காப்புகள். கீழ்ப்படியில் பவுடர், கண்மை, உதட்டுச் சாயம். லாச்சிகளில் ஊசியும் கிளிப்பும் போயின.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் தாய் புஸ்பம் வீடு பார்க்க வந்தாள். துணைக்குத் தம்பி யோகராசாவைக் கூட்டி வந்திருந்தாள்.

புதுச் செற்றியில் இருத்தினார்கள். புதிது என்று தெரிய வேண்டும் என்பதற்காக விதுர்ஷா அதன் பொலித்தீன் உறையைக் கழற்றவில்லை. புஸ்பம் அசைந்தபோதெல்லாம் அதுவும் பேசியது. கொஞ்ச நேரம் அசையாமல் இருந்து பார்த்தாள். பிறகு, கால் பிடிக்கிறது என்று சொல்லி எழும்பிவிட்டாள்.

"இவன் என்ர தம்பி மச்சாள்," என்றாள். "எட்டு வருசம் வெளிநாட்டில இருந்தவன்."

"எங்க தம்பி? கட்டாரா?" என்று சீதேவிப்பிள்ளை கேட்டாள்.

"இல்ல அக்கா. ஜப்பான்."

சீதேவிப்பிள்ளை எழும்பி மகளின் அறைக் கதவைச் சாத்தினாள். தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள். பலகாரத் தட்டை நீட்டினாள். குசினியைக் காட்டினாள். கிணற்றைக் காட்டினாள். கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னாள். தென்னையில் எத்தனை குலை என்றும் எண்ணிக் காட்டினாள்.

"மகள்ட அறையப் பாக்கல்லியே," என்றாள் புஸ்பம்.

அறைக்குள் போனார்கள். புஸ்பம் கட்டிலைப் பார்க்கவில்லை, கண்ணாடி மேசையைப் பார்க்கவில்லை. நேராகக் கறுப்பு அலுமாரிக்குப் போனாள். "தம்பி, இதத் திறந்து பாரு. நல்ல வேலைப்பாடு."

யோகராசா வெளிக்கதவை மடித்தார். உள்கதவைத் திறந்தார். செண்டுப் போத்தல், காப்பு, உதட்டுச் சாயம். அவர் இரண்டு கையையும் கூப்பி, கண்ணை மூடி, தலை குனிந்தார்.

"டேய் யோகன்," என்றாள் புஸ்பம். "பவுடரயா கும்பிடுறாய்?"

யோகராசா கண்ணைத் திறந்தார். காதுவரை சிவந்திருந்தது. "பழக்கதோசம் அக்கா. இது நகை அலுமாரி இல்ல. செத்துப்போன ஆக்கள்ர அலுமாரி."

விதுர்ஷா தாயைப் பார்த்தாள். தாய் யன்னலைப் பார்த்தாள்.

"அங்க கனக்க வீட்டில கிடக்கும். செத்தவங்கட பேரெழுதின பலகையையும் படத்தையும் உள்ளுக்கு வைச்சு, காலமைக்குச் சோறு வைச்சு, பத்தி கொளுத்துவாங்க. நான் வாடகைக்கு இருந்த வீட்டிலயும் ஒண்டு. அந்த வீட்டுக் கிழவி, தன்ட மனிசனக் கும்பிடாம என்னய வேலைக்குப் போக விடாது. எட்டு வருசம். கதவு திறபட்டதும் கை தானா எழும்பிற்று." தயங்கிக் கேட்டார். "இத இஞ்ச புதுசா விக்கிறாங்களா அக்கா?"

ஓம் என்று ஒரு சொல் போதும். கடையும் மிஞ்சும். ஆனால் தபால் கந்தோரில் முப்பது வருடம் இருந்தவளுக்கு ஒன்று தெரியும். ஆள் மாறி வந்த பொதியை ஒளித்து வைக்கக் கூடாது.

"புதுசில்ல தம்பி. பழசு. காத்தான்குடியில வாங்கினன். நகை வைக்கிறதெண்டு நினைச்சன்."

சொல்லி முடிந்தது. இனி மாதத்தில் இரண்டு தரம் சாமான் இறங்கும். அவள் வீட்டில் இருப்பாள்.

புஸ்பம் அலுமாரியைச் சுற்றி வந்தாள். பின்பலகையை விரலால் தட்டினாள். ஒரு லாச்சியை இழுத்தாள். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள்.

சீதேவிப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கட ஆள் மூண்டு வருசமா படமா ஆணியில தொங்குறார் மச்சாள்," என்றாள் புஸ்பம். "ஒரு பக்கம் கலண்டர். மற்றப் பக்கம் மீற்றர்ப் பெட்டி. கரண்ட் பில் எழுத வாறவன் அவர்ட முகத்தில கைய ஊண்டித்தான் மீற்றர் பாப்பான். இப்பிடி ஒரு வீடு கிடைச்சா மனிசன் கதவப் பூட்டிக்கொண்டு நிம்மதியா இருப்பார். அந்தக் கடையில இன்னொண்டு கிடக்குமா?"

"தேடினாக் கிடைக்கும்."

"அப்ப நாளைக்குக் கூட்டிக்கொண்டு போங்க."

"ஏலா மச்சாள். இது பழசெண்டு உங்களுக்குத் தெரிஞ்சா அந்தக் கடைக்குள்ள கால் வைக்கிறல்ல எண்டு சத்தியம்."

"ஆருக்கு?"

"உங்கட முருகனுக்கு."

புஸ்பம் சிரித்த சிரிப்பில் காப்புகள் கிலுங்கின. "எங்கட முருகனுக்கா? அவர் எங்கட வளவுக்குப் பின்னாலதானே இருக்கார். நான் கதைக்கிறன்."

"சத்தியமெண்டா சத்தியம்தானே மாமி," என்றாள் விதுர்ஷா, மெல்ல.

"ஓம் மகள். சத்தியம் வாங்கின ஆள் ஆரு?"

"நான்தான்."

"அப்ப அருச்சினைச் சீட்டையும் நீங்கதான் எடுக்கோணும். சனிக்கிழமை வாங்க."

அவர்கள் போன பிறகு விதுர்ஷா படிகளைக் காலி செய்தாள். உதட்டுச் சாயத்தைக் கண்ணாடி மேசைக்குக் கொண்டுபோனாள். அலுமாரியை முன்வீட்டுக்கு நகர்த்தத் தாயும் ஒரு கை பிடித்தாள். விதுர்ஷா கட்டிலுக்குக் கீழிருந்த தகப்பனின் படத்தை எடுத்து, துணியை அவிழ்த்து, மேல்படியில் வைத்தாள். அளந்து செய்தது போலிருந்தது.

"இந்த மனிசன் உயிரோட இருக்கக்குள்ள பழசத் தொடமாட்டார்," என்றாள் சீதேவிப்பிள்ளை. "வருசத்துக்கு ஒரு புதுக் குடை வாங்குவார். வருசத்துக்கு ஒண்ட பஸ்ஸில விட்டுட்டு வருவார். இப்ப பாரு, எங்க வந்து இருக்காரெண்டு."

விதுர்ஷா சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள்.

சனிக்கிழமை சித்தாண்டி முருகன் கோயிலில் அருச்சினை நடந்தது. சீட்டு விதுர்ஷா எடுத்தாள். புஸ்பம் முருகனோடு கதைத்தாள். கொஞ்சம் சத்தமாகத்தான் கதைத்தாள். அவர் மறுத்ததாகத் தெரியவில்லை. மதியத்துக்குள் மூன்று பேரும் காத்தான்குடியில் நின்றார்கள். கடை வாசலில் புஸ்பம் திருநீற்றை எடுத்துச் சீதேவிப்பிள்ளையின் நெற்றியில் பூசினாள். சீதேவிப்பிள்ளை வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

"நான் வெளியில நிக்கிறன்," என்றாள் விதுர்ஷா.

"என்னக்கா, கன நாளாக் காணல்ல?" என்றான் முத்தலிப்.

"தம்பி, அது நகை அலுமாரி இல்லியாம்." யோகராசா சொன்னதையெல்லாம் சொன்னாள்.

முத்தலிப் கேட்டுக்கொண்டே கதிரையில் உட்கார்ந்தான். "யா அல்லாஹ். அதே மாதிரி ஒண்ட என்ட பொண்டாட்டி றபீக்காக்குக் குடுத்திரிக்கன். படிப்படியா பிஸ்கட்டு அடுக்கி வெச்சிரிக்கா. வாற ஆக்களெல்லாம் அதுலரிந்துதான் எடுத்துத் தின்றாங்க."

"பிஸ்கட்டில பிழையில்ல தம்பி," என்றாள் புஸ்பம். "எங்கட ஆளுக்கும் பிஸ்கட் விருப்பம். அத எனக்குத் தாங்க."

"வேற ஒண்டு வந்தா றபீக்காக்குக் குடுக்கலாம். இரிங்க, கொட்டிட்டுக் கொண்டு வாறன்."

அவன் கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக்குப் போனான். உள்ளே ஒரு பெண் குரல் உயர்ந்தது. தகரங்கள் உருண்டன. சம்பந்திகள் இருவரும் ஆளுக்கொரு மேசை லாச்சியை முகர்ந்து பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார்கள்.

வெளியே வெயில் ஏறியது. விதுர்ஷா நிழலுக்காக வாசற்படியில் ஏறினாள். அங்கும் வெயில். இன்னும் ஓரடி உள்ளே வந்தாள். அங்கே ஒரு மேசை விளக்கு இருந்தது. பித்தளைத் தண்டு, பச்சைக் கண்ணாடித் தொப்பி. தொப்பியின் விளிம்பில் ஒரு சின்னச் சிராய்ப்பு, யாரோ படித்துக்கொண்டே தூங்கித் தட்டிவிட்டது போல. அதைத் தூக்கிப் பார்த்தாள். அடியைத் திருப்பிப் பார்த்தாள். முத்தலிப் அலுமாரியோடு திரும்பி வந்ததும் அவனைப் பார்த்தாள்.

"இது என்ன விலை?"

சீதேவிப்பிள்ளை மகளின் காலை மிதித்தாள்.