மறுமுனையைப் பிடிப்பவர்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. வீடு, தோட்டம் பற்றிய ஓர் இதழின் ஆசிரியர், 'உங்கள் கொல்லையில் நீங்களே குளம் அமைக்கலாம்' என்று ஒரு கட்டுரை கேட்டார். நான் தண்ணீர் ஊற்றினால் நன்றாக இருக்கும் செடியும் வாடும். ஆனாலும் வாய் சும்மா இருக்கிறதா, சரி என்று சொல்லிவிட்டது. அடுத்த தெருவில் ஒருவர் தம் கையாலேயே குளம் வெட்டியிருக்கிறார், போய்ப் பாருங்கள் என்றார்கள். போனேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பும் என்பது தெரிந்த விஷயம்தானே.

கட்டுரையின் முதல் வரி இது:

"குளம் வெட்டுவதற்கு, வெயிலும் நிழலும் அளவாக விழும் ஓர் இடத்தை முதலில் —"

அதற்கு மேல் ஓடவில்லை. ஆசிரியர் இன்னும் அந்தக் கட்டுரைக்குக் காத்திருக்கிறார். அதற்கு வைத்திருந்த காகிதத்தில்தான் இதை எழுதுகிறேன்.

2

வேறு தொடக்கம்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் லிஃப்ட்காரர். அவருடைய தொழிலில் ஒரே தர்மம் மட்டம். கதவு திறக்கும்போது லிஃப்ட்டின் தரையும் மாடியின் தரையும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை ஏறியோ இறங்கியோ நின்றால் யாராவது தடுக்கி விழுவார்கள். வசவு மெக்கானிக்குக்கு வரும். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. சாப்பாட்டு மேஜை லேசாக ஆடினால் அவருக்குச் சோறு இறங்காது. கையில் கவளத்தோடு எழுந்து போய், காலுக்கு அட்டை மடித்து வைத்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார். அப்போது அவர் மனைவி சிரித்துக்கொண்டே, "முதல்ல —

[நிறுத்து. அந்த அம்மாள் அப்படிச் சொன்னார் என்று உனக்கு யார் சொன்னது?]

3

இந்தக் கதையின் பெரிய இக்கட்டு இதுதான். அவர் மனைவியை நான் பார்த்ததே இல்லை. நான் அந்த வீட்டுப் படியேறியபோது அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் கழிந்திருந்தது. ஆனாலும் எழுதுகிறவன் புத்தி, ஒரு வசனம் எழுதிப் பார்த்தேன்:

"'ஒரு அல்லி பூத்தா போதுங்க, வேற ஒண்ணும் வேணாம்' என்றாள் அவள், கண்கள் மின்ன."

கண்கள் மின்னவாம். வெட்கங்கெட்ட வரி. அடித்துவிட்டேன். அடித்தது உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான் விட்டுவைத்திருக்கிறேன்.

பிறகு அவரிடமே கேட்டேன், "அம்மா எப்படிப் பேசுவாங்க?"

லிஃப்ட்காரர் கையை விரித்தார். "அவ எங்க சார் பேசுவா? நான்தான் லொடலொடன்னு பேசிக்கிட்டே இருப்பேன். குளத்துக்கு மட்டம் பாத்த அன்னைக்கு முழுக்க அவ சொன்னது ஒரே வார்த்தை. 'நின்னுடுச்சு.' அவ்வளவுதான்."

ஆகவே இந்தக் கதையில் அந்த அம்மாளுக்கு அந்த ஒரு வார்த்தைதான் உண்டு. வேறு எதையும் நான் அவர் வாயில் திணிக்கப் போவதில்லை.

4

அந்த வார்த்தை புரிய வேண்டுமானால் டியூப் லெவல் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். கட்டட வேலை பார்த்த வாசகர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

கண்ணாடி போல உள்ளே தெரியும் நீளமான பிளாஸ்டிக் டியூப். உள்ளே தண்ணீர். ஒரு முனையை ஒருவர் நட்டுவைத்த கம்பத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார். மறுமுனையை இன்னொருவர் எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றி அடித்திருக்கும் முளைக்குச்சிகளுக்குப் போவார். குச்சியோடு டியூப்பை இறக்கிப் பிடித்தால் தண்ணீர் மெல்ல ஏறும், ஆடும், பிறகு நிற்கும். நின்ற இடத்தில் பென்சிலால் கோடு. எல்லாக் கோடுகளும் ஒரே மட்டம். அந்த மட்டத்துக்குக் கரை கட்டினால் தண்ணீர் எந்தப் பக்கமும் வழியாது. தண்ணீர் நிற்கும்வரை பொறுப்பது ஒன்றுதான் வேலை. ஆனால் இரண்டு பேர் இல்லாமல் நடக்காது.

அன்று அவர் கம்பத்தடியில் நின்றார். மனைவி மறுமுனையோடு சுற்றினார்.

"நின்னுடுச்சா?"

"நின்னுடுச்சு."

கோடு. அடுத்த குச்சி. மறுபடி அதே கேள்வி, அதே பதில். பாதிச் சுற்று தாண்டியதும் கம்பத்தடியில் அவர் பிடித்திருந்த முனையில் தண்ணீர் குதிக்கத் தொடங்கியது.

"கையை ஆட்டாதேன்னா! இடிச்ச புளி மாதிரி நின்னா போதுமா? தண்ணியைப் பாரு!"

"நின்னுடுச்சு."

கடைசிக் குச்சி சமையலறைச் சுவருக்குப் பக்கத்தில். அங்கேயும் நின்றுவிட்டது என்றுதான் பதில் வந்தது. அவர் டியூப்பைச் சுருட்டிக்கொண்டு, பரவாயில்லை, சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்.

5

பிறகு அந்த அம்மாள் படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை.

[இங்கே ஆஸ்பத்திரிக் காட்சி ஒன்று இருந்தது. நாற்காலிகள், மருந்து வாடை, மூடிய கதவு. எல்லா ஆஸ்பத்திரியும் அப்படித்தான். எடுத்துவிட்டேன்.]

தனியாக இருக்கும் அப்பாவோடு இருக்க மகள் வந்தாள். வெட்டிய குழி வாயைப் பிளந்துகொண்டு கிடப்பதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. "அம்மா கூட நின்னு செஞ்சதுப்பா. முடிச்சிடு."

அவர் முடித்தார். பென்சில் கோடுகளைப் பார்த்துப் பார்த்துக் கரை கட்டினார். தண்ணீர் கசியாமல் இருக்க ரப்பர் பாய் விரித்து ஓரத்தில் கல் அடுக்கினார். ஒரு காலை நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தண்ணீர் ஏறியது. கம்பத்துப் பக்கம் கரை இன்னும் மீதி இருக்கும்போதே, சமையலறைப் பக்கம் சளசளவென்று வழிந்துவிட்டது.

மட்டத்துக்கே பேர்போன மனுஷனுக்கு எப்படி இருந்திருக்கும்! மண் உள்வாங்கியிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு, குளத்தில் நிற்கிற தண்ணீரைவிட யோக்கியமான மட்டம் ஏது என்று, அன்று மனைவி நடந்த அதே வரிசையில் ஒவ்வொரு குச்சியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஆரம்பக் கோடுகள் மயிரிழை பிசகவில்லை. பாதிக்கு மேல் கொஞ்சம் இறக்கம். அதற்கடுத்தது இன்னும் கொஞ்சம். சுவரோரக் குச்சியில் முழுசாக ஒரு விரற்கடை.

அவர் அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"தண்ணி ஏறி முடியறதுக்குள்ளயே சொல்லியிருக்கா சார். அவளால நிக்க முடியல. நிக்க முடியலன்னு சொன்னா நான் வேலையை விட்டுடுவேனோன்னு, 'நின்னுடுச்சு, நின்னுடுச்சு'ன்னு சமாளிச்சுக்கிட்டே வந்திருக்கா. நான் கத்துனேன். அப்பவே உடம்பு முடியல அவளுக்கு. நான் தண்ணியைத்தான் பாத்தேன், அவளைப் பாக்கல." இதைச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதார். நான் பேனாவை மூடி வைத்தேன்.

6

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அடுத்த மழைக்காலம் முடிய விடவில்லை. பெய்கிற மழையெல்லாம் குளத்தில் நிரம்பி, அந்தத் தாழ்ந்த கரை வழியாகவே வழிந்து, சமையலறைச் சுவருக்குள் இறங்கியது.*

"சுவத்தைத் தொட்டுப் பாருப்பா, பொலபொலன்னு உதிருது. ஒண்ணு அந்தப் பக்கத்தைத் தூக்கிக் கட்டு. இல்லன்னா மூடிடு. ஞாயித்துக்கிழமை மண்ணு கொண்டாரச் சொல்லிட்டேன்" என்றாள் மகள்.

"அது உங்கம்மா போட்ட கோடு."

"அம்மா தப்பாப் போட்ட கோடுப்பா!"

சொன்னபிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு மட்டும் அம்மா இல்லையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நீரடித்து நீர் விலகாது என்பார்கள். விலகவில்லை, ஆனால் ஒரே வீட்டில் இருவரும் அன்று தனித்தனியாகச் சாப்பிட்டார்கள்.

தூக்கிக் கட்டினால் மனைவியின் கோடுகள் போய்விடும். கட்டாவிட்டால் குளமே போய்விடும்.

* ஓரத்தில் ஓட்டை போட்டு ஒரு குழாய் வைத்தால் தீர்ந்ததே என்று கேட்கும் வாசகருக்கு: நானும் கேட்டேன். "பாயில ஓட்டை போட்டா அது குளமா சார், சல்லடை" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார்.

7

முடிவுகள். மூன்றும் எழுதிப் பார்த்தவை.

அவர் கரையை உயர்த்துகிறார். சுவர் காய்கிறது. மகள் சிரிக்கிறாள். இதழுக்குப் பொருத்தமான முடிவு, புகைப்படம்கூட எடுக்கலாம். ஆனால் அந்தக் கடைசிக் கோட்டை அழிக்கிற கையை என்னால் எழுத முடியவில்லை.

அல்லது, மண் வந்து இறங்குகிறது. முதல் கூடையை அவரே எடுத்து, மனைவி நின்ற இடத்தில் —

வேண்டாம்.

அல்லது, எல்லாம் அப்படியே இருக்க, வழிந்த தண்ணீரில் ஓர் அல்லி. இது சினிமா. அல்லியை விடமாட்டேன் என்கிறேன் பாருங்கள்.

8

சனிக்கிழமை போனேன். குளத்துத் தண்ணீரை இறைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் டியூப்பைக் கழுவி, குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, கம்பத்தடியில் நின்றார்.

"சார், அந்த முனையைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா? பொண்ணைக் கூப்பிட்டேன். 'என்ன வேணா செய்யறேன், அந்த வார்த்தையை மட்டும் நான் சொல்ல மாட்டேன்பா'ன்னுட்டா."

சமையலறை ஜன்னலில் மகள் நின்றிருந்தாள். எங்களைப் பார்க்காதது போல, பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் முனையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போனேன். கடைசிக் குச்சியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சாப்பாட்டு மேஜை நாற்காலி. கால்களுக்கு அடியில் அட்டை மடித்து வைத்து, ஆடாமல் செய்திருந்தார்.

குச்சியில் பென்சில் கோடு மங்கலாக இருந்தது. டியூப்பை இறக்கிப் பிடித்தேன். தண்ணீர் மெல்ல ஏறியது, அந்தக் கோட்டைத் தொட்டது, தாண்டி ஏறியது.

கம்பத்தடியிலிருந்து அவர் கேள்வி கேட்கவில்லை. "மெதுவா சார்" என்றார். "அவசரமே இல்ல. உக்காந்துக்கிட்டே பிடிங்க."

தண்ணீர் நின்றது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வார்த்தை வேறொருவருடையது. அதைத் தவிர அந்த அம்மாளுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, அதையும் எப்படி எடுத்துக்கொள்வேன்?

அதனால், வாசகரே, கொஞ்சம் இங்கே வாருங்கள். இந்த முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கை நடுங்கினால் பரவாயில்லை. நாளைக்கு மண் வந்துவிடும். சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். லிஃப்ட்காரர் காத்திருப்பார். நாற்காலி இருக்கிறது, முதலில் உட்காருங்கள்.