காவேரியைவிடப் பத்து அதிகம்

தொண்ணூற்று நான்காம் வருஷம் மைசூரில் அடித்த வெயிலுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் மேட்டகள்ளியில் ஓர் ஓட்டு வீட்டுக்குள் இருந்தது. சொர்ணலதாவின் வயிறு. அது எரிகிற எரிச்சலில் பக்கத்து வீட்டு ஈரத்துணி ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும்.

எரியவைத்தவள் காவேரி, சொர்ணலதாவின் ஓரகத்தி. அண்ணன் லிங்கப்பனுக்குச் சொர்ணலதா, தம்பி மாதப்பனுக்குக் காவேரி. கௌதள்ளியிலிருந்து கட்டட வேலைக்கு வந்த அண்ணன் தம்பிகள் ஒரே வீட்டை நடுவில் தட்டி வைத்துப் பிரித்துக்கொண்டு இருந்தார்கள். பெண்கள் இருவரும் வீட்டிலேயே ஊதுபத்தி உருட்டினார்கள். காவேரி உருட்டிய பத்தியை வைத்துப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கோடு போடலாம். சொர்ணலதா உருட்டியது ஒவ்வொன்றும் ஆறு மாதக் கர்ப்பிணிபோல நடுவில் புடைத்திருக்கும். பத்தி எடுக்க வருகிற ஆள் காவேரியின் கட்டை முகர்ந்து பார்த்துச் சிரிப்பான். சொர்ணலதாவின் கட்டைப் பார்த்ததும் அவனுக்கு இருமல் வரும்.

அப்படி இருக்கையில் ஊரிலுள்ள பாலிடெக்னிக் ஒன்று பெண்களுக்கு மூன்று மாத இலவச வெல்டிங் பயிற்சி என்று அறிவித்தது. காவேரி விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தாள்.

"பொம்பளைங்க போயி இரும்பு ஒட்டறதா? தூத்தேறி" என்றாள் சொர்ணலதா.

"அதுவும் பத்தி மாதிரிதானுங்க்கா. குச்சி மேல மாவு பூசியிருக்குது. பத்த வெச்சா புகையுது" என்றாள் காவேரி.

மறுநாள் காவேரிக்கு இடம் கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் சொர்ணலதா அடுப்பில் கொதித்த சாம்பாரை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். மேட்டகள்ளியிலிருந்து பாலிடெக்னிக் வரை அவள் ஓடிய ஓட்டத்தில் இரண்டு சிட்டி பஸ்கள் பின்தங்கிப்போயின. எட்டு இடத்தில் கடைசி இடம் அவளுக்கு.

கற்றுக்கொடுத்தவர் கெம்பையன். கன்னடக்காரர், தமிழ்ப் பெண்கள் அதிகம் என்பதால் தனக்குத் தெரிந்த தமிழில் பாடம் எடுத்தார். பயிற்சி முடிந்ததும் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்று ஒரே ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்துக்கொள்ளும், கடைசித் தேர்வில் முதலாவதாக வருபவளுக்கு அந்த இடம் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். மற்ற ஆறு பேர் அதைக் கேட்டுக்கொண்டார்கள். ஓரகத்திகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு, கையில் முகம் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி. இரண்டே வாரத்தில் காவேரி இழுத்த வெல்டு ஜடை பின்னியதுபோல வந்தது. ஒரே அகலம், ஒரே உயரம். வேறு பிரிவுப் பையன்கள் வந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பிரின்சிபாலே வந்து பார்த்ததாகப் பேச்சு. சொர்ணலதாவின் வெல்டு மழைநாளில் மண்புழு போன தடம்போல இருந்தது.

ஒவ்வொரு மெஷினிலும் கரண்டைக் கூட்டிக் குறைக்க ஒரு கைப்பிடி உண்டு. சுற்றினால் முள் நகரும். காவேரி எப்போதும் தொண்ணூறில் வைப்பாள். கரண்டு குறைவாக இருந்தால் பொறி அதிகம் தெறிக்காது, கைக்கு அடங்கி அழகாக உட்காரும் என்பது அவள் கணக்கு. சொர்ணலதாவுக்குக் கணக்கு எதுவும் கிடையாது. இரண்டு மெஷினுக்கும் நடுவிலிருந்த தடுப்புக்கு மேல் எட்டிக் காவேரியின் முள்ளைப் பார்ப்பாள். அதைவிடப் பத்து அதிகம் வைப்பாள். காவேரியைவிட எதிலாவது அதிகமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஏனுங்க்கா, என்னோட முள்ளு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?" என்று காவேரி கேட்பாள்.

"உன் முள்ள எவ பாத்தா? கழுத்து சுளுக்கு புள்ள, நீவிக்கிட்டேன்."

மூன்று மாதத்தில் சொர்ணலதாவின் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டுவிட்டது என்று கூடப் படித்த ரூபா இன்றைக்கும் சத்தியம் செய்வாள்.

தேர்வு நாள் வந்தது. ஆளுக்கு இரண்டு தகடு; இரண்டையும் சேர்த்து ஒட்ட வேண்டும். ஒட்டியதைத் தரையில் ஆறப்போட்டு அவரவர் நம்பரைச் சாக்பீஸால் எழுத வேண்டும். டீ குடித்துவிட்டு வந்து கெம்பையன் அந்த நம்பரை உளியால் தகட்டில் பதிப்பார். பிறகு தகட்டை வைஸ் என்ற இரும்பு இடுக்கியில் பிடித்துச் சம்மட்டியால் வளைப்பார். வெல்டு விரியாமல் வளைந்தால் தேறியாயிற்று. சொர்ணலதா நான்காம் நம்பர். காவேரி ஏழு.

காவேரி பக்கத்தில் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தொண்ணூறில் வைத்தாள். அந்த முணுமுணுப்பைக் கேட்டதும் சொர்ணலதாவுக்குப் பத்து போதவில்லை. இன்னொரு பத்து சுற்றினாள். நூற்றுப்பத்து. வெல்டிங் குச்சியான ராடைத் தகட்டுக்குள் குத்திவிடுவதுபோல நெருக்கிப் பிடித்தாள். அது தகடாக அவளுக்குத் தெரியவில்லை. யார் முகமாகத் தெரிந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. பொறி தெறித்த தெறிப்பில் சாமுண்டி மலை மேலிருந்தவர்கள் தசரா முன்கூட்டியே வந்துவிட்டதாக நினைத்திருப்பார்கள்.

ஆறியதும் பார்த்தாள். அவளுடையது மேலும் கீழுமாக, கோணல்மாணலாக. பக்கத்தில் காவேரியுடையது ஜரிகைக் கரைபோல. வயிற்றுக்குள் யாரோ மிளகாய் வற்றலைக் கொட்டினார்கள்.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். சொர்ணலதா மட்டும் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். கோட்டின் முனையால் நான்கை அழித்தாள், ஏழை அழித்தாள். ஜரிகைக்கு நான்கு என்று எழுதினாள். கோணலுக்கு ஏழு. எழுதிய அவசரத்தில் அந்த ஏழே கோணலாக வந்தது.

கெம்பையன் வந்தார், நம்பர்களைப் பதித்தார், வளைக்க ஆரம்பித்தார். முதலில் மற்றவர்களுடையது. சில விரிந்தன, சில பாதி வளைந்து நின்றன. பிறகு நான்கை எடுத்துப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனம்மா சொர்ணலதா, இது நீனா? இஷ்டு சந்தமா! இத்தன அழகா!"

சொர்ணலதா தலையைக் குனிந்து, தலைவாழையிலை முன்னால் உட்கார்ந்த புதுமாப்பிள்ளைபோல நின்றாள்.

கெம்பையன் தகட்டை வைஸில் மாட்டி ஒரு போடு போட்டார். இரண்டாவது போட்டில் ஜரிகை தைப்பு விட்ட சாக்குபோல நீளவாக்கில் பிளந்துகொண்டது.

"மேல மட்டும் உக்காந்திருக்கு. அடி உருகவே இல்ல. பூசி மெழுகினது" என்றார்.

அடுத்து அவர் ஏழை மாட்டினார். ஒரு போடு. இரண்டு. ஐந்து. பத்து. சம்மட்டிக் காம்பு வலித்தது. வெல்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. தகடு ஆட்டின் கொம்புபோல வளைந்து இரு முனையும் கிட்டத்தட்ட ஒன்றை ஒன்று தொட்டன. முடி அளவு விரிசல்கூட இல்லை.

"நோடி! பாருங்க எல்லாரும்! அடி வரைக்கும் நெய் மாதிரி உருகியிருக்கு. பன்னெண்டு வருஷமா சொல்லிக்குடுக்கறேன், இந்த மாதிரி ஒரு வெல்டு பார்த்ததில்ல. காவேரி, பட்டறை சீட்டு உனக்கு!"

ஆறு பேர் கை தட்டினார்கள். தகடு கை மாறிக் கை போயிற்று. ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். "காவேரி கைன்னா கைதான்" என்றாள் ரூபா.

சொர்ணலதா வாழ்நாளில் எத்தனையோ முறை பொறாமைப்பட்டிருக்கிறாள். காவேரியின் மூக்குத்திமீது, தலைமுடிமீது, அவள் வீட்டுப் பக்கம் மட்டும் விழுகிற காலை வெயில்மீது. ஆனால் தன்னுடைய கை செய்த காரியத்தின்மீதே பொறாமைப்பட நேர்ந்தது அன்றுதான். அதைத் தாங்கிக்கொள்ள மனுஷ ஜென்மத்தால் முடியாது.

"அது என்னோடது!" என்று கத்தினாள். "ஏழு என்னோடது! நாந்தான் நம்பர மாத்திப்போட்டேன்!"

வகுப்பே குலுங்கச் சிரித்தார்கள்.

"அக்காவுக்கு வயித்தெரிச்சல் தலைக்கேறிப்போச்சு" என்றாள் ரூபா.

"சத்தியமாங்க சார்! டீக்குப் போனப்ப மாத்தினேன்!"

"சும்னிரம்மா" என்றார் கெம்பையன். "சீட்டு போச்சுன்னு புளுகக் கூடாது."

அதுவரை எல்லோருக்கும் பின்னால் நின்று கைதட்டலில் மிதந்துகொண்டிருந்த காவேரியின் கைக்கு அப்போதுதான் அந்தத் தகடு வந்து சேர்ந்தது. புரட்டிப் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மாறியது. இன்னொரு முறை பார்த்தாள். வேலை கையில் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். ஆனால் அந்தக் கோணலை எல்லோரும் தன்னுடையது என்று தடவித் தடவிப் பார்த்துவிட்டார்களே!

"சார், இது அக்காளோடதுதானுங்க" என்றாள். "நான் இத்தன அசிங்கமா அடிப்பேனுங்களா? இதப் பாருங்க, ஓணான் ஓடின மாதிரி. இது என் பேர்ல இருந்தா நாளைக்கு ஊருல தலகாட்ட முடியுமா?"

கெம்பையன் இரண்டு தகடுகளையும் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு மாறி மாறிப் பார்த்தார். கண்ணில் சிரிப்பு போய்க் கோபம் வந்தது.

"வெல்டு உன்னுதுதான் சொர்ணலதா. ஆனா நம்பர் மாத்தின ஆளை நான் பட்டறைக்கு அனுப்ப மாட்டேன். பஸ்ஸுல ஜனங்க உக்காருவாங்க. நீ தப்பு செஞ்சது இந்தப் பொண்ணுக்கு. இவ மன்னிச்சேன்னு சொன்னா அனுப்பறேன். இல்லேன்னா ரெண்டு பேருக்கும் இல்ல, சீட்டு ரூபாவுக்கு."

ரூபா ஜடையைச் சரிசெய்துகொண்டாள்.

சொர்ணலதா காவேரியைப் பார்த்தாள். காவேரி உத்தரத்தைப் பார்த்தாள். உத்தரத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அதை வெகு நேரம் பார்த்தாள்.

"மன்னிச்சுடறேனுங்க சார். ஒண்ணே ஒண்ணு மட்டும். கல்யாணமாகி ஏழு வருசம் ஆச்சு. என் கோலம், என் கொழம்பு, என் பத்தி, எதையும் அக்கா ஒருநாளும் நல்லாருக்குதுன்னு சொன்னதில்ல. இப்ப எல்லார் முன்னாலயும் சொல்லட்டும். காவேரி வெல்டு அழகுன்னு."

அது உடைந்து கிடந்த வெல்டு. இருந்தாலும் சொர்ணலதாவுக்கு அதைவிடச் சாமுண்டி மலைப் படிகளை முட்டிக்காலால் ஏறுவது சுலபமாகத் தோன்றியது. வாயைத் திறந்தாள். காற்று வந்தது.

"...அழகு."

"காதுல விழலீங்க்கா."

"அழகுதான்னேன்."

"எதுங்க்கா?"

"உன் வெல்டுடீ! உன் வெல்டு அழகு!" அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து ஃபிட்டர் பிரிவில் அரம் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றுபோனது. ஆனால் திறந்த வாய் மூடவில்லை. "மொத நாளிலிருந்து அழகு! ரெண்டாம் வாரம் நீ போட்டியே மூலைத் தகடு, அதுல பதினெட்டு அலை இருந்துச்சு, ஒண்ணுக்கொண்ணு துளி வித்தியாசமில்ல, நான் எண்ணினேன்! ராடு தீர்ற எடத்துல நீ மணிக்கட்ட ஒரு சுழி சுழிப்ப, அதுல குழி விழாது. அத நான் வீட்டுல கரண்டிய வெச்சுப் பழகினேன், வரல! புதங்கெழமை நீ ஓரத்துல ஒரு கோடு இழுத்தியே..."

யாரும் சிரிக்கவில்லை. கெம்பையன் தகடுகளைக் கீழே வைத்தார். காவேரியின் காது மடல் சிவந்துவிட்டது.

"போதுங்க்கா. மன்னிச்சுட்டேனுங்க்கா."

"இரு புள்ள, குறுக்க பேசாத!" என்றாள் சொர்ணலதா, மூச்சு வாங்க. "நான் இன்னும் ரெண்டாம் மாசத்துக்கே வரல."